டூர் கம்பெனி இல்லாமல் எகிப்து: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எகிப்து போய் வந்த நாளிலிருந்து கேட்கும் ஆள் மாறினாலும் கேள்வி மாறவில்லை. அத்தை மகன், அலுவலக நண்பர், அவருடைய சகலை என்று ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தனித்தனியாகத் தட்டி அலுத்துவிட்டது. அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

முதல்ல இதைச் சொல்லுங்க, அந்த ஊர் பாதுகாப்பா?

சாதாரணப் பயணி சுற்றும் கெய்ரோ, லக்ஸர், அஸ்வான், செங்கடல் ஓரம் ஆகிய இடங்களில் பயப்படும்படி ஒன்றும் இல்லை. சுற்றுலாத்தலம் ஒவ்வொன்றின் வாசலிலும் போலீஸ் நிற்கும், பையை எக்ஸ்ரே எந்திரத்தில் விடச் சொல்வார்கள். வடக்கு சினாய் பக்கமும், எல்லையோரப் பாலைவனமும் சுற்றுலாவுக்கான இடங்கள் அல்ல. மேற்குப் பாலைவனத்தில் முகாம் போட ஆசைப்பட்டால் அனுமதி வாங்கித் தரும் உள்ளூர் ஏற்பாட்டாளர் வழியாகத்தான் போக வேண்டும்.

அங்கே உங்களுக்கு வரப்போவது ஆபத்து அல்ல, தொல்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டு பலர் பயந்து திரும்புகிறார்கள். தொல்லையைப் பற்றிக் கீழே நிறையவே சொல்கிறேன்.

எப்போ போகலாம்? எத்தனை நாள் வேணும்?

அக்டோபர் கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை நல்ல காலம். ஜூன், ஜூலை, ஆகஸ்டில் லக்ஸரும் அஸ்வானும் 40 டிகிரிக்கு மேல் போகும். சென்னை வெயிலில் வளர்ந்தவன் என்று வீறாப்பாகப் போனாலும், நிழலே இல்லாத கல் பள்ளத்தாக்கில் பதினோரு மணிக்குமேல் நிற்க முடியாது. மார்ச் முதல் மே வரை சில நாட்களில் கம்சின் என்கிற மணல் காற்று வீசும். டிசம்பர், ஜனவரியில் இரவுக் குளிருக்கு ஸ்வெட்டர் வேண்டும்.

கெய்ரோவுக்கு மூன்று நாள், லக்ஸருக்கு மூன்று நாள், அஸ்வானுக்கு இரண்டு நாள். போக்குவரத்தையும் சேர்த்தால் பத்து நாள் சரியாக இருக்கும். ஐந்து நாள்தான் லீவு என்றால் அலெக்சாண்டிரியாவைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். லக்ஸரை மட்டும் எடுக்காதீர்கள்.

விசா கஷ்டமா?

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டும். டெல்லியில் எகிப்தின் தூதரகமும் மும்பையில் துணைத் தூதரகமும் இருக்கின்றன. யாருக்கு எந்த வகை விசா என்கிற விதி அவ்வப்போது மாறுவதால், ஏஜென்ட் வாய்ச்சொல்லை நம்பாமல் அவர்களிடமே கேட்டுவிட்டு டிக்கெட் போடுங்கள். விசா கையில் வரும்முன் திருப்பித் தராத டிக்கெட் எடுக்க வேண்டாம்.

ரூபாயை அங்கே மாத்தலாமா? டாலர் எவ்வளவு கொண்டு போகணும்?

ரூபாயை நம்பிப் போகாதீர்கள். கொஞ்சம் டாலர் அல்லது யூரோ, வெளிநாட்டில் வேலை செய்யும் கார்டு ஒன்று, அது மக்கர் பண்ணினால் எடுக்க இன்னொன்று போதும். பழைய பயணக் குறிப்புகளில் போட்டிருக்கும் விலைகளை அப்படியே மறந்துவிடுங்கள். 2024 மார்ச்சில் எகிப்தியப் பவுண்டின் மதிப்பை அரசு சந்தைக்கு விட்டபோது, டாலருக்கு 31 பவுண்டு என்றிருந்தது ஒரே நாளில் 50-ஐ எட்டியது. அதற்குமுன் எழுதப்பட்ட கணக்கு எதுவும் இப்போது உதவாது.

கார்டு ஏன் கட்டாயம் என்றால், பெரிய சுற்றுலாத்தலங்கள் பலவற்றில் வெளிநாட்டவருக்கு நுழைவுச் சீட்டைக் கார்டில் மட்டுமே தருகிறார்கள். வாசலில் பணக்கட்டோடு நின்றாலும் வேலைக்கு ஆகாது. வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம், உள்ளூர்க்காரருக்குத் தனிக் கட்டணம். தாஜ்மகாலில் நாம் செய்வதுதானே, கோபப்பட ஒன்றும் இல்லை. சர்வதேச மாணவர் அட்டை இருந்தால் பெரும்பாலான இடங்களில் பாதிக் கட்டணம்.

பக்‌ஷீஷ் பக்‌ஷீஷ்னு பிடுங்கி எடுப்பாங்களாமே, உண்மையா?

உண்மைதான், அவர்கள் கேட்பது டிப்ஸ் காசு. எகிப்துப் பயணம் இனிக்குமா கசக்குமா என்பதை முடிவு செய்வதே இந்த விஷயம்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பக்‌ஷீஷில் இரண்டு வகை உண்டு. பெட்டி தூக்கியவர், கழிப்பறையைச் சுத்தமாக வைத்திருப்பவர், மசூதி வாசலில் செருப்பைப் பார்த்துக்கொள்பவர் ஆகியோருக்குக் கொடுப்பது அந்த ஊர் வழக்கம். எகிப்தியர்களும் கொடுக்கிறார்கள். சம்பளம் குறைவு, இதில்தான் குடும்பம் ஓடுகிறது. இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

இரண்டாவது வகை, நீங்கள் கேட்காத உதவி. கல்லறைக்குள் நுழைந்ததும் காவலாளி ஒருவர் டார்ச்சை ஒரு ஓவியத்தின்மேல் அடித்து ‘அனுபிஸ்’ என்பார். நாய்முகத் தெய்வம் உங்களுக்கே தெரிகிறது. அடுத்து கயிற்றைத் தூக்கி, ‘உள்ளே வா, போட்டோ எடு’ என்று கண்ணைச் சிமிட்டுவார். அந்தக் கயிற்றைத் தாண்டினால் கொடுத்தாக வேண்டும். தாண்டாமல் சிரித்துக்கொண்டே ‘லா, ஷுக்ரன்’ (வேண்டாம், நன்றி) என்று நகர்ந்துவிட்டால் அவரும் அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுவார். உங்கள் கைப்பேசியை வாங்கி உங்களையே படம் எடுத்துத் தர முன்வருபவருக்கும் இதே பதில்தான்.

இதற்கெல்லாம் ஆதாரம் சில்லறை. ஏ.டி.எம். 200 பவுண்டு நோட்டாகத் தள்ளும், கடைக்காரரோ ‘ஃபக்கா’ (சில்லறை) இல்லை என்று கையை விரிப்பார். காலையில் ஓட்டல் வரவேற்பிலோ பெரிய சூப்பர் மார்க்கெட்டிலோ 5, 10, 20 நோட்டுகளாக மாற்றி ஒரு பாக்கெட்டில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பர்ஸைத் திறந்து தேடி எடுத்தீர்களானால், உள்ளே இருப்பதைப் பார்த்துவிட்டுப் ‘போதாது’ என்பார்கள். இன்னொன்று, 50 பியாஸ்டர் நோட்டும் உண்டு, 50 பவுண்டு நோட்டும் உண்டு. 100 பியாஸ்டர்தான் ஒரு பவுண்டு. நீங்கள் கொடுத்த ஐம்பது பவுண்டை மடித்துவிட்டு ஐம்பது பியாஸ்டரைக் காட்டி ‘இதைத்தானே கொடுத்தாய்’ என்பது பழைய வித்தை. கொடுக்கும்போதே தொகையை வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள்.

அரபி ஒரு எழுத்துகூடத் தெரியாது. சமாளிக்க முடியுமா?

முடியும். சுற்றுலா ஊர்களில் ஆங்கிலம் ஓடும். ஆனால் எழுத்தை விடுங்கள், எண்களை மட்டும் விமானத்திலேயே படித்துவிடுங்கள். ஒன்றும் ஒன்பதும் நமக்குப் பழகிய 1, 9 மாதிரியே இருக்கும். பூஜ்ஜியம் வெறும் புள்ளி, ஐந்துதான் வட்டம். ஆறு நம் 7 போல இருக்கும். ஏழு ஆங்கில ‘வி’ எழுத்து, எட்டு அதைத் தலைகீழாகக் கவிழ்த்தது. நான்கு, 3-ஐக் கண்ணாடியில் பார்த்த மாதிரி. எழுத்து வலமிருந்து இடம் ஓடினாலும் எண்ணை நம்மைப் போல இடமிருந்து வலமாகவே படிக்க வேண்டும்.

எதற்கு இந்தப் பாடம்? வண்டி நம்பர் பலகையில் அரபி எண்தான். ஊபர் கூப்பிட்டால் எந்த வண்டி உங்களுடையது என்று அதைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். காய்கறிக் கடை விலை அட்டை, ரயில் பெட்டி எண் எல்லாமும் இதே கதை. பண நோட்டில் மட்டும் இந்தப் பிரச்சினை கிடையாது, பவுண்டு நோட்டில் ஒரு பக்கம் அரபி, மறுபக்கம் ஆங்கிலம்.

சொற்களில் ‘பிகாம்?’ (எவ்வளவு?), ‘கலாஸ்’ (போதும், முடிந்தது), ‘மாலேஷ்’ (பரவாயில்லை, விடுங்க) ஆகிய மூன்றும் நிறைய வேலை செய்யும். வயதானவரை ‘யா ஹாக்’ (ஹாஜியாரே) என்று கூப்பிட்டால் முகம் மலரும். ஹஜ் போய் வந்தவரா என்று யாரும் கேட்பதில்லை.

நான் துபாய்ல பத்து வருஷம் இருந்தவன். அந்த அரபி செல்லுமா?

நீங்கள் பேசுவது அவர்களுக்குப் புரியும், அவர்கள் பேசுவது உங்களுக்கு முதல் இரண்டு நாள் புரியாது. ‘ஜ’ வரவேண்டிய இடத்தில் ‘க’வை அழுத்திச் சொல்வார்கள், ஜமீல் அங்கே கமீல் ஆகிவிடும். ‘எப்படி இருக்கிறாய்?’ என்கிற வளைகுடாவின் ‘ஷ்லோனக்’ இங்கே ‘இஸ்ஸய்யக்’. காது பழகிவிட்டால் மற்ற எல்லோரையும்விட உங்களுக்குத்தான் பேரம் நன்றாகப் படியும்.

நாங்க சுத்த சைவம். பட்டினிதானா?

அரபு நாடு என்றாலே கறி மட்டும்தான் என்று நினைக்கிறோம். எகிப்தின் ஏழைச் சாப்பாடு பெரும்பாலும் சைவம். காலையில் ஃபூல், அதாவது இரவெல்லாம் பெரிய செம்புக் குடத்தில் வெந்த மொச்சை வகைப் பயறு, எண்ணெயும் எலுமிச்சையும் சீரகமும் போட்டு மசித்தது. கூடவே தாமிய்யா. மற்ற நாடுகளில் ஃபலாஃபெலைக் கொண்டைக்கடலையில் செய்வார்கள், இங்கே அதே மொச்சை வகைப் பயறில். உள்ளே கீரையால் பச்சையாக இருக்கும், மேலே எள். பருப்பு வடை தின்று வளர்ந்த நாக்குக்கு அறிமுகமே தேவையில்லை.

மதியத்துக்குக் குஷரி. அரிசி, மக்ரோனி, பயறு, கொண்டைக்கடலை, மேலே முறுக வறுத்த வெங்காயம், தக்காளிச் சாறு. மேசையில் இரண்டு புட்டி இருக்கும். ஒன்று பூண்டும் வினிகரும் கலந்த தக்கா, இன்னொன்று ஷத்தா என்கிற மிளகாய்ச் சாறு. தக்காவைத் தாராளமாக ஊற்றுங்கள். ஷத்தாவைச் சொட்டு விட்டுப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள், நம்மையே அசைத்துப் பார்க்கும் கடைகள் உண்டு.

கவனிக்க வேண்டியது முலுகிய்யா. பார்த்தால் கீரைக் குழம்பு, ஆனால் வழக்கமாகக் கோழி அல்லது முயல் வேகவைத்த சாற்றில்தான் செய்வார்கள். குடைமிளகாய், கத்தரிக்காயில் அரிசி அடைத்த மஹ்ஷியிலும் கறிச்சாறு சேரலாம். ‘மின் கேர் லஹ்மா’ என்றால் கறி இல்லாமல் என்று பொருள், சாறு அதில் அடங்காது என்று சமையல்காரர் நினைத்துக்கொள்வார். அதைவிட நல்ல வழி ‘ஸியாமி’ இருக்கிறதா என்று கேட்பது. எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்கள் வருடத்தில் 200 நாளுக்கு மேல் விரதம் இருப்பவர்கள். அந்த நாட்களில் கறி, முட்டை, பால், நெய் எதுவும் கிடையாது. ஸியாமி என்றால் அந்த விரதச் சாப்பாடு. சில விரதங்களில் மீன் மட்டும் சேரும், அதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

குழாய்த் தண்ணீர் வேண்டாம். பாட்டில் வாங்கும்போது மூடியின் சீல் உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

சங்கடமான கேள்வி. டாய்லெட்ல தண்ணி இருக்குமா?

இருக்கும். இந்த ஒரு விஷயத்தில் ஐரோப்பாவைவிட எகிப்து நமக்கு ஆயிரம் மடங்கு மேல். தண்ணீர் பீய்ச்சும் குழாய் அநேகமாக எல்லா இடத்திலும் உண்டு. பொதுக் கழிப்பறை வாசலில் நிற்பவருக்கு, மேலே சொன்ன சில்லறைப் பாக்கெட்டிலிருந்து ஒரு நோட்டு.

கெய்ரோவுக்குள்ள எப்படிச் சுத்துறது? டாக்ஸிக்காரன் ஏமாத்துவானா?

ஊபர், இன்டிரைவ் போன்ற செயலிகள் கெய்ரோவில் நன்றாக ஓடுகின்றன. விமான நிலையத்திலேயே சிம் வாங்கிவிடுங்கள், பாஸ்போர்ட் காட்ட வேண்டும். தெருவில் டாக்ஸி பிடித்தால், மீட்டர் போடச் சொல்லுங்கள் அல்லது ஏறும்முன் விலை பேசி முடியுங்கள். இறங்கியபின் பேசும் விலை அவருடைய விலை.

நெரிசல் நேரத்தில் மெட்ரோதான் ராஜா. 1987-ல் ஓடத் தொடங்கியது, ஆப்பிரிக்காவிலேயே முதல் மெட்ரோ. நடுப்பெட்டிகள் பெண்களுக்கு. பழைய காப்டிக் தேவாலயங்களுக்கு மார் கிர்கிஸ் நிலையம், தஹ்ரீர் சதுக்கத்துக்கு சதாத் நிலையம். கீஸா என்று ஒரு நிலையம் இருக்கிறதே என்று பிரமிடு பார்க்க அங்கே இறங்கிவிடாதீர்கள், நடக்கும் தூரம் இல்லை.

ரோட்டைக் கடப்பது தனிக் கலை. அங்கே வண்டிகள் வலப்பக்கம் ஓடும், நம் கழுத்து பழக்கத்தில் வலது பக்கம் திரும்பும், வண்டி இடது பக்கத்திலிருந்து வந்து நிற்கும். உள்ளூர்க்காரர் ஒருவர் கடக்கும்போது அவருக்கு ஒட்டி, வண்டிகள் வரும் திசைக்கு மறுபக்கமாக நடந்துவிடுங்கள். பாதியில் ஓடவோ பின்வாங்கவோ கூடாது. ஓட்டுநர் உங்கள் வேகத்தைக் கணக்குப் போட்டுத்தான் ஒதுக்குகிறார்.

பிரமிடு வாசல்ல ஒட்டகக்காரங்க தொல்லை தாங்காதுன்னு சொல்றாங்களே?

முன்பைவிடக் குறைவு. இப்போது ஃபய்யூம் சாலைப் பக்கம் புதிய நுழைவாயில் இருக்கிறது, உள்ளே மின்சாரப் பேருந்துகள் ஓடுகின்றன. ஆனாலும் வருவார்கள். ‘டிக்கெட்டைக் காட்டு’ என்று அதிகாரத்தோடு கையை நீட்டுபவரிடம் சீட்டைக் கொடுக்காதீர்கள். ‘இந்த வாசல் இன்று மூடியிருக்கிறது, நான் வேறு வழி காட்டுகிறேன்’ என்பதை நம்பாதீர்கள். கெய்ரோவில் மியூசியம் வாசலிலும் இதே வசனம் வரும், கடைசியில் பாப்பிரஸ் என்கிற கோரைத்தாள் ஓவியக் கடையில் போய் முடியும். அங்கே வாழைநாரைப் பாப்பிரஸ் என்று தலையில் கட்டுவார்கள்.

ஒட்டகம் ஏறியே தீர வேண்டும் என்றால் எவ்வளவு நேரம், எவ்வளவு பணம், எந்த நாட்டுக் காசு, ஏறுவதற்கும் இறங்குவதற்கும் சேர்த்தா என்று தரையில் நிற்கும்போதே பேசுங்கள். ஒட்டகத்தின் உயரத்திலிருந்து பேரம் பேசி ஜெயித்தவர் யாரும் இல்லை. இந்தியர் என்று தெரிந்ததும் ‘அமிதாப் பச்சன்!’ என்று கத்துவார்கள். அந்தப் பாசம் நிஜம், ஆனால் அதற்கு விலையில் தள்ளுபடி கிடையாது.

அம்மாவுக்கு முட்டி வலி. பிரமிடுக்குள்ள கூட்டிட்டுப் போகலாமா?

வேண்டாம். குஃபுவின் பெரிய பிரமிடுக்குள் ஏறு பாதை ஒன்றே கால் மீட்டர் உயரம்கூட இல்லை. கிட்டத்தட்ட நாற்பது மீட்டர் குனிந்தபடியே சரிவில் ஏற வேண்டும். எதிரே இறங்குபவர்களுக்கும் அதே வழிதான். அப்புறம் திடீரென்று எட்டரை மீட்டர் உயரத்துக்கு ஒரு மண்டபம் விரியும், அது அற்புதம்தான். ஆனால் மேலே போனால் ஒரு கருங்கல் அறையும் மூடியில்லாத கல் பெட்டியும் மட்டுமே. ஓவியம் இல்லை, அரசன் செதுக்கிய எழுத்து இல்லை, காற்றும் போதாது. அம்மாவை வெளியே நிழலில் உட்காரவைத்து, 138 மீட்டர் உயரத்தை நிமிர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். அந்தச் சீட்டுப் பணத்தை லக்ஸரில் செலவழிக்கலாம்.

கெய்ரோல மியூசியம் மூணு இருக்காம். ஒண்ணுதான் நேரம்னா எது?

பிரமிடுகளுக்குப் பக்கத்தில் 2025 நவம்பரில் முழுமையாகத் திறந்த பெரிய எகிப்திய அருங்காட்சியகம். துட்டன்காமுனின் தங்க முகமூடியும் அவன் கல்லறைப் பொருட்கள் ஐயாயிரத்துக்கு மேலும் இப்போது அங்கேதான். பழைய குறிப்புகளைப் பார்த்துத் தஹ்ரீர் சதுக்கத்தில் போய்த் தேடாதீர்கள். 1902-ல் திறந்த அங்குள்ள பழைய அருங்காட்சியகம் இன்னும் இயங்குகிறது, கூட்டமில்லாமல் பார்க்க நன்றாகவே இருக்கும். அரச மம்மிகளோ 2021 ஏப்ரலில் ஊர்வலமாகக் கொண்டுபோகப்பட்டு ஃபுஸ்தாத்தில் உள்ள தேசிய நாகரிக அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு நான் சொல்லும் வரிசை: முதலில் பெரியது, மறுநாள் மம்மிகள், நேரம் மிஞ்சினால் தஹ்ரீர்.

லக்ஸர்ல டிக்கெட் மேல டிக்கெட் கேட்பாங்களாமே?

அரசர் பள்ளத்தாக்கின் பொதுச் சீட்டில் மூன்று கல்லறைகள் பார்க்கலாம். துட்டன்காமுன், ஆறாம் ராம்சேஸ், முதலாம் சேத்தி ஆகியோரின் கல்லறைகளுக்குத் தனித்தனிச் சீட்டு. துட்டன்காமுன் கல்லறை சின்னது, ஆனால் அவன் மம்மி இன்றும் அங்கேயேதான் கிடக்கிறது. ஓவியத்துக்காகப் போகிறவர்கள் ஆறாம் ராம்சேஸைத் தேர்ந்தெடுங்கள், கூரை முழுக்க வானம். சேத்திக்குக் கட்டணம் மிக அதிகம். கையில் இருந்தால் யோசிக்காதீர்கள்.

வாசல் திறக்கும்போதே உள்ளே இருக்கப் பாருங்கள், குழுப் பேருந்துகள் வரும்முன். பள்ளத்தாக்கு மறுகரையில் இருக்கிறது. நைல் நதியைக் கடக்க லக்ஸர் கோயில் எதிரே பொதுப் படகு இருக்கிறது, மிகவும் மலிவு. அதன் படித்துறைக்குப் போகும் வழியில் ‘பொதுப் படகு இன்று ஓடாது’ என்பவர் ஒரு தனிப் படகுக்காரர். மேலே வாசல் மூடியிருக்கிறது என்றவரின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பொண்ணு தனியாப் போகலாமா? தலையை மூடணுமா?

போகிறார்கள், போய் நன்றாகவே திரும்புகிறார்கள். தெருவில் தலையை மூடச் சட்டமில்லை. மசூதிக்குள் போக மட்டும் துப்பட்டா வேண்டும், ஆண் பெண் யாரானாலும் செருப்பைக் கழற்ற வேண்டும். தோளும் முழங்காலும் மறைகிற மாதிரி சுடிதார் போட்டுக்கொண்டால் எல்லா இடத்துக்கும் பொருந்தும்.

வாய்ப் பேச்சுத் தொந்தரவு இருக்கும், அதை மறைத்துச் சொல்வதில் பயன் இல்லை. பதில் சொல்லாமல் நடப்பதே சரி. எல்லை மீறினால் பக்கத்துக் கடைக்காரரிடமோ வழியில் போகும் வயதான அம்மாவிடமோ சத்தமாகச் சொல்லுங்கள், பொது இடத்தில் அவமானப்படுவதுதான் அந்த ஆளுக்குப் பயம். மெட்ரோவில் பெண்கள் பெட்டியில் ஏறுங்கள். டாக்ஸியில் பின் இருக்கையில் உட்காருங்கள்.

ரமலான்ல போனா சாப்பாடே கிடைக்காதா?

ஓட்டலிலும் சுற்றுலாப் பகுதிகளிலும் கிடைக்கும். தெருவில் நின்று தின்னாமல், தண்ணீரைக்கூட ஓரமாக ஒதுங்கிக் குடிப்பது மரியாதை. பார்க்கும் இடங்கள் சீக்கிரமே மூடும். நோன்பு திறப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் டாக்ஸி பிடிக்க முயலாதீர்கள், மொத்தக் கெய்ரோவும் வீட்டுக்குப் பறந்துகொண்டிருக்கும். ஆனால் இரவு? ஃபனூஸ் விளக்குகளும், விடிய விடியத் திறந்த கடைகளும், வழிப்போக்கருக்கு இலவசமாகச் சாப்பாடு போடும் தெருவோர மேசைகளும் மற்ற மாதங்களில் கிடைக்காதவை. ரமலான் வருடத்துக்கு ஏறக்குறைய பதினோரு நாள் முன்னே நகரும், தேதி பார்த்துக்கொள்ளுங்கள்.

ட்ரோன் கொண்டு போகலாமா?

கூடாது. அனுமதி இல்லாமல் கொண்டுபோனால் சுங்கத்தில் பிடுங்கிவைப்பார்கள், அதோடு விட்டால் அதிர்ஷ்டம். கைப்பேசியில் படம் எடுப்பதற்குத் தடையில்லை. ராணுவம், போலீஸ், அரசுக் கட்டடங்களை மட்டும் எடுக்காதீர்கள், ஆட்களைக் கேட்டுவிட்டு எடுங்கள்.

தமிழ் எழுத்து எகிப்துல கிடைச்சிருக்குன்னு படிச்சேன். போய்ப் பார்க்கலாமா?

கிடைத்தது உண்மை. செங்கடல் ஓரத்துக் குஸைர் அல்-கதீமில் பானை உறியைக் குறிக்கும் சொல் பொறித்த தமிழ்ப் பிராமி ஓடு, பெரெனிகே துறைமுகத்தில் ‘கொற்றபூமான்’ என்று பெயர் எழுதிய ஓடு. அதே பெரெனிகேயில் கோயில் வளாகத்தில் புதைத்திருந்த ஒரு ஜாடியில் ஏழரைக் கிலோ மிளகும் அகப்பட்டது. ஆனால் இரண்டும் அகழாய்வுக் களங்கள், போய் நின்று பார்க்க மணலும் குழியும்தான். அதற்காக ஒரு நாளைச் செலவழிக்க வேண்டாம் என்பேன். குஸைர் ஊர்க் கடற்கரைக்கு வேறு வேலையாகப் போனால் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஏதாவது பிரச்சினைன்னா யாரைக் கூப்பிடறது?

சுற்றுலாப் போலீஸ் 126, போலீஸ் 122, ஆம்புலன்ஸ் 123. பேரத்தில் தகராறு வந்தால் ‘126-க்கு அழைக்கிறேன்’ என்று சொல்லிப் போனை எடுத்தாலே பாதி நேரம் விலை இறங்கிவிடும்.

மிச்சமான பவுண்டை ஊருக்கு வந்து மாத்திக்கலாமா?

இங்கே வாங்க ஆள் கிடைப்பது கஷ்டம். கடைசி நாள் ஏ.டி.எம். பக்கம் போகாமல் இருப்பதைச் செலவழியுங்கள். கெய்ரோவின் பழைய சந்தையான கான் அல்-கலீலியில் காய்ந்த செம்பருத்திப்பூ, அதாவது கர்கதே, வாங்கலாம். கனமில்லை, கெடாது. அஸ்வானில் வாங்கினால் இன்னும் நல்ல சரக்கு. பழைய சிலை, பழைய நாணயம் என்று யாராவது காட்டினால் மட்டும் கையில்கூடத் தொடாதீர்கள். பொய்யாக இருந்தால் பணம் போச்சு, நிஜமாக இருந்தால் 1983-ம் வருடத்துச் சட்டப்படி ஜெயில்.